சுடர்நோக்கும் திருவிளக்கும்



கார்த்திகை விளக்கீட்டு நாளன்று எம்மூர்த் திருக்கோயில் மண்டபத்தில் யாம் பேசியவற்றை எழுதித் தருமாறு அன்பர் சிலர் வேண்டினர். பேச்சில் நெகிழ்ந்து கிடந்தவற்றை ஒருவாறு இறுக்கியும், அன்று காலம் போதாமையாற் சொல்லாது விட்டவற்றைச் சேர்த்தும் ஈண்டு எழுதுகின்றாம். குறை காணும் பெரியோர் பொறுத்துத் திருத்துவாராக.

அன்று இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்றுண்டு. எம்மிடம் சித்தாந்த சாத்திரம் பாடங் கேட்கும் இளைஞரொருவர், தாம் நாள்தோறும் வைகறையில் மெழுகுவத்தி ஒன்றை ஏற்றி வைத்து, இமையாது அதன் சுடரையே நோக்கியிருக்கும் பயிற்சி செய்து வருவதாகவும், அதனால் மனவோட்டம் தணிந்து அமைதி உண்டாவதாகவும் கூறி, 'ஐயா, இது நம் நூல்கள் கூறும் யோகத்தின்பாற் படுமா? சிவப்பேற்றுக்கு இதனால் உதவி உண்டா? அன்றிப் பொழுதை வீணாக்குகின்றேனா?' என வினவினர். வினா நல்ல வினா. கைப்பேசியைக் கீழே வைக்கமாட்டாது நூறு காட்சிகளிடையே மனம் சிதறும் இக்காலத்தில், கால் நாழிகையேனும் ஒன்றையே நோக்கியிருக்க ஒருவர் விரும்புவதே பாராட்டத்தக்கது. ஆயினும் எமக்கு உடனே விடைகூற நா எழவில்லை. அப்பயிற்சியை யாமே நாற்பதாண்டிற்கு மேலாகச் செய்து வந்தோம். அதனைப் பற்றி எம் உள்ளத்திலேயே தீராத வழக்கொன்று கிடந்தது.

முதற்கண் பயிற்சியின் இயல்பைக் கூறுதும். வடமொழி யோக நூல்கள் இதனைத் திராடகம் என்னும். 15ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் சுவாத்மாராமர் இயற்றிய அடயோகப் பிரதீபிகை, தௌதி, வத்தி, நேதி, திராடகம், நௌலி, கபாலபாதி எனத் தூய்மைச் செயல்கள் ஆறு வகுத்து, அவற்றுள் நான்காவதாக இதனை வைக்கின்றது. மனத்தை ஒருக்கி, அசையாப் பார்வையால் நுண்ணிய குறியொன்றைக் கண்ணீர் பெருகுமளவும் நோக்குக என்பதே அந்நூலின் விதி. கேரண்ட சங்கிதையும் ஏறக்குறைய இதனையே சொல்லும். ஈண்டு இரண்டு கருதத்தக்கன. இவ்விரு நூலும் நுண்ணிய குறி என்றனவேயன்றி விளக்கென்று வரையறுத்தில. சுவரிலிட்ட புள்ளியும் குறியாகும். சுடர் சிறந்த குறியாக வழக்கில் வந்தது, ஒளியானது கண்ணைத் தானே இழுத்துக்கொள்ளும் இயல்புடைமையால் என்க. மற்று, அந்நூல்கள் இதனைத் தாரணை தியானங்களோடு சேர்த்து எண்ணாது, தூய்மைச் செயல்களோடு சேர்த்தே எண்ணின. மூக்கினுள் நூலிழை செலுத்தித் தூய்மை செய்யும் நேதிக்குப் பக்கத்திலேயே, கண்ணீரொழுக்கிக் கண்ணைத் தூய்மை செய்யும் இதுவும் இருக்கின்றது. இக்காலத்தார் இதனைத் தியானமென்றே பெயரிட்டு வழங்குவது நூலோர் வைத்த இடத்தினின்றும் ஒரு படி உயர்த்தி வைத்ததாம்.

செய்முறை எளிது. காற்றசைவு இல்லாத அறையில், கண்ணின் மட்டத்திற்குச் சுடர் நிற்க, இரண்டு முழத் தொலைவில் நிமிர்ந்திருத்தல் வேண்டும். மெழுகுவத்தியாயின் திரி நீண்டால் சுடர் துள்ளிப் புகையும். ஆதலின் அவ்வப்போது திரியைக் கத்தரித்தல் வேண்டும். அது உருகுந்தோறும் சுடர் தாழ்ந்து வர, நோக்குவார் கழுத்தும் அதனோடு தாழ்ந்து வருதலைக் கண்டிருக்கின்றோம். நெய்விளக்கிலும் நல்லெண்ணெய் விளக்கிலும் இவ்விடர் இல்லை. இரண்டு மூன்று நிமிடம் நோக்கிக் கண்ணை மூடி, உள்ளே தோன்றும் ஒளியுருவம் மறையுமளவும் அதனையே கருதியிருந்து, மறைந்தபின் மீண்டும் திறந்து நோக்குவர். கண்ணை வருத்தி விழித்தல் தகாது. வலிப்பு நோயுடையாரும் கண்ணின் அழுத்தம் மிகும் நோயுடையாரும் மருத்துவரைக் கேளாது இதனைத் தொடங்குதல் கூடாது.

கண்ணை மூடியபின் உள்ளே தோன்றும் அவ்வொளியுருவமே இங்கு ஆராயற்பாலது. அதனை யாம் ஆராயக் கற்றது நூலிலன்று.

எமக்கு இருபது வயது நிரம்பியிருந்த காலம். சோழநாட்டுச் சிற்றூரொன்றில் முதுபெரும் புலவரொருவரிடம் சிவஞான சித்தியார் சுபக்கம் பாடங் கேட்டு வந்தோம். அவர் வீட்டுத் திண்ணையே எமக்குப் பள்ளி. இரவில் அதுவே படுக்கை. யாரோ விட்டுப்போன யோக நூலொன்று கையிற் கிடைக்க, எல்லாரும் உறங்கியபின் மாடத்திலிருந்த சிறுவிளக்கை எதிரே வைத்துக்கொண்டு, ஆசிரியர் அறியாமல் இப்பயிற்சியைத் தொடங்கினோம். இருபது நாள் சென்றிருக்கும். ஓரிரவு கண்ணை மூடியவளவில், பொன் விளிம்பு சூழ்ந்த நீலப்பசுமையான ஒளிவட்டம் ஒன்று உள்ளே எழுந்தது. எம் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. பல பிறவியில் தவஞ்செய்தார்க்கும் அரிய காட்சி எமக்கு இருபது நாளில் எய்தியதென்று துணிந்தோம். மூன்றிரவு உறக்கமில்லை. உடன் பயின்றாரை இரங்கத்தக்கவராக நோக்கியதும் உண்டு. நான்காம் நாள், பொறுக்கமாட்டாது, பாக்குச் சீவிக்கொண்டிருந்த ஆசிரியர்முன் சென்று நின்று கூறிவிட்டோம்.

அவர் பாக்கை விட்டுக் கண்ணெடுத்திலர்.

'தம்பி, கண்ணை மூடியபின் அவ்வொளி எங்கே நின்றது?'

'நெற்றிக்கு நேரே நின்றது, ஐயா.'

'மூடிய கண்ணை இடப்பக்கம் திருப்பிப் பார்த்தாயா?'

'பார்த்தேன். அதுவும் இடப்பக்கம் வந்தது.'

'வலப்பக்கம்?'

'வலப்பக்கமும் வந்தது, ஐயா.'

'நீ திருப்பிய பக்கமெல்லாம் திரும்புவது உனக்குத் தலைவனா, ஏவலாளா?'

யாம் வாய் திறந்திலேம். அவர் பாக்குச் சீவி முடித்து, பாக்குவெட்டியைத் துடைத்து வைத்துவிட்டு, 'நாளை முதல் ஒரு மண்டலம் கோயில் விளக்குகளுக்கு நீ எண்ணெய் வார். பண்டாரத்துக்கு முழங்கால் வலி' என்றார். அவ்வளவே.

ஆசிரியர் கண்ட உண்மையைக் கண்ணியல் நூலோர் இன்று விரித்துக் கூறுவர். ஒளியை இடைவிடாது நோக்கிய விழித்திரையின் பகுதி சோர்வுறும். சோர்ந்த அப்பகுதியினின்று, நோக்கிய ஒளி நீங்கிய பின்னரும், வேறு நிறத்தோடு ஒரு நிழலுருவம் தோன்றும். அது விழித்திரையின்கண் உள்ளதாதலின் விழி திரும்புந்தோறும் உடன் திரும்பும். சிறிது பொழுதில் மங்கி ஒழியும். விளக்கினை நோக்கினார்க்கே அன்றிப் பகலொளி வீசும் சாளரத்தை நோக்கினார்க்கும் அது தோன்றும்.

நம் நூன்முறையில் வைத்து இதனை நோக்குவோம். காட்சியளவையை வாயிற்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக்காட்சி என நான்காகப் பகுப்பர் நம் ஆசிரியர். சுடரை விழித்து நோக்குதல் வாயிற்காட்சி. மூடியபின் தோன்றுவது அவ்வாயிலின் சோர்வே. அதனை ஒளியென்று மனம் பற்றிக்கொள்வது மானதத்தின் தொழில். அப்போது உண்டாகும் இனிமை, அராகம் முதலிய தத்துவங்களின் வழியே உயிர் நுகரும் இன்பமாதலின் தன்வேதனையில் அடங்கும். மூன்றும் ஒருங்கு கூடியபோது, அறியாதார் அதனை நான்காவதாகிய யோகக்காட்சி என மயங்குவர். மலத்தின் வலியை ஒருவாறு தடுத்து, இருந்தாங்கிருந்தே இடத்தாலும் காலத்தாலும் சேயனவற்றை அறியும் யோகக்காட்சி எங்கே, கண்ணிமைக்குள் நீந்தும் பச்சைவட்டம் எங்கே! யோகக்காட்சியும் பதிஞானம் ஆகாதென்பது வேறு.

புத்தர் நூல்களிலும் இதனை ஒப்பதொரு முறை உண்டு. 5ஆம் நூற்றாண்டில் ஈழத்து அநுராதபுரத்திருந்து புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம், தேசோ கசிணம் என்பதனைக் கூறுகின்றது. தீ மூட்டி, ஒரு சாணும் நான்கு விரலும் அளவான துளையிட்ட பாயையோ தோலையோ துணியையோ எதிரே தொங்கவிட்டு, கீழே கிடக்கும் விறகையும் மேலே எழும் புகையையும் நோக்காது, இடையே செறிந்த தழலை மாத்திரம் அத்துளையின் வழியே நோக்குக என்பது அவர் விதி. நோக்க நோக்க முதற்கண் அசையும் தழலே உள்ளத்திற் பதியும்; பின்னர் அசைவற்ற செந்துணிபோலவும் பொன்விசிறிபோலவும் பொற்றூண்போலவும் ஒரு குறி எழும் என்பர். அளந்து கூறிய முறை, அதனுள் பொய்யில்லை. எழுவது உள்ளம் தானே வகுத்துக்கொண்ட குறியென்பதை அவர்தாமே ஒளியாது கூறுதலும் நேர்மையே. நம் வழக்கு அதற்கு அப்பாலது. உள்ளம் வகுத்த குறியில் உள்ளம் நிலைபெறுதல் உள்ளத்தின் வலிமையைக் காட்டும். உள்ளத்திற்கு மேலாயதொன்றினைக் காட்டுமாறு யாங்ஙனம்? தன் தோளின்மேல் தானே ஏறி நிற்பார் உலகத்து இலர்.

அற்றேல், அமைதி உண்டாயிற்றன்றோ, அது பயனன்றோ எனின், கூறுதும். இவ்விடத்திற்றான் சைவ சித்தாந்திகள் விழிப்பாயிருத்தல் வேண்டும். கருவி கரணங்கள் ஒடுங்கியபோது எய்தும் அமைதி இருவகைப்படும். கலை முதலிய தத்துவங்களோடு கூடாமுன், ஆணவத்தோடு மாத்திரம் உயிர் கிடக்கும் கேவலத்திலும் அலைவு இல்லை, எண்ணம் இல்லை, துன்ப உணர்வும் இல்லை. அலைவின்மையே வீடாயின் கேவலமே வீடாதல் வேண்டும்! நாள்தோறும் உறக்கத்தில் அதன் சாயலை எய்தி மீள்கின்றோம். மீண்டபின் எவ்வாற்றானும் மேம்பட்டோமல்லோம். சுத்தாவத்தையில் எய்தும் அமைதியோ, கருவிகள் கழன்றமையோடு நில்லாது, திருவருளைச் சார்ந்தமையால் வருவது. புறத்தே நோக்குவார்க்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். விளக்கில்லா அறையில் வாளாவிருப்பவனும், விளக்கொளியில் தலைவனைக் கண்டு வாயடைத்து நிற்பவனும் பேசாமையால் ஒப்பர். அதனால் அவ்விருவரும் ஒருவராவரோ?

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பது நம் கோட்பாடு. படிகத்தை உவமை கூறுவர், கண்ணையும் கூறுவர். கண் இருளிற் சேர்ந்து இருளேயாய் நிற்கும். ஒளியிற் சேர்ந்து ஒளியாய் நிற்கும். தனித்து நிற்கும் இயல்பு அதற்கு இல்லை. ஆதலின் எதனைச் சார்ந்து அமைதியுற்றாய் என்பதே வினா. இதனை யாம் நாற்பதாண்டு பிறர்க்குப் பாடஞ் சொன்னோம். எமக்கு அது விளங்கியது மூன்றாண்டுகட்கு முன்னரே.

முன் கூறிய ஒரு மண்டலப் பணி முடிந்தபின், ஆசிரியர் தடைகூறாமையின், யாம் மீண்டும் இரவில் சுடர்நோக்கத் தொடங்கினோம். பச்சைவட்டத்தைப் பற்றிய மயக்கம் ஒழிந்தது. ஆயினும் பாடத்தில் மனம் பதிதற்கு அது துணைசெய்தமையை மறுக்கமாட்டோம். அவ்வழக்கம் இல்லறத்திலும் ஆசிரியத் தொழிலிலும் தொடர்ந்தது. எம்மைச் சினம் அறியாதவர் என்று ஊரார் கூறுவர். அதனை யாமும் ஒருவாறு நம்பியே வந்தோம்.

அறுபது கடந்தபின், ஓரிரவு சுடர் இரண்டாயிற்று. சின்னாளில் மூன்றாயிற்று, ஒவ்வொன்றையும் சுற்றி வானவில் போன்ற வட்டம். கண்ணிற் படலம் என்றனர் மருத்துவர். சுடரை நோக்கினால் ஒளி சிதறிக் கண் கூசும்; நிலைகொள்ள ஓரிடம் இல்லை. பயிற்சி நின்றது. அது நின்று ஒரு திங்கள் கழியுமுன், எம் அமைதியும் போயிற்று. பாடத்தில் ஒரு சொல்லைத் தவறப் படித்த மாணாக்கரை, அவர் கண்கலங்குமளவும் கடிந்தோம். உணவில் உப்பு மிக்கதென்று இலையை விட்டு எழுந்தோம். எம் இல்லாள் பொறுத்துப் பொறுத்து ஒருநாள், 'உங்கள் கண்ணில் விளக்கு மங்கினதற்கு எங்களைக் கடிந்தால் ஆகுமா?' என்றாள். சித்தியாருக்கு உரை எழுதிய அறுவரும் எமக்குச் சொல்லாததனை அவள் சொல்லிவிட்டாள். நாற்பதாண்டு எம்முடையதென்று எண்ணியிருந்த அமைதி, அகல்விளக்கினிடத்து இரவல் பெற்றது. சார்பு விலகவே வண்ணமும் விலகிற்று. மயக்கத்தை விட்டோம் என்று எண்ணிய யாம், பச்சைவட்டத்தை விட்டுச் சினமின்மை என்னும் வேறொரு வட்டத்தை மூடிய கண்ணுள் வைத்து நோக்கிக்கொண்டிருந்தோம்.

அந்நாட்களில் ஒரு மாலை. பூசையறையில் விளக்கிற்கு எண்ணெய் வார்க்கச் சென்றோம். அகலின் விளிம்பு எமக்குத் தெரியவில்லை. பேத்தி பின்னே நின்றவள், 'தாத்தா, எண்ணெய் வெளியே போகிறது' என்று கூறி, எம் மணிக்கட்டைப் பற்றி அகலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினாள். அவள் கண் கண்டது. எம் கை வார்த்தது. சிவஞான போதத்துப் பதினோராஞ் சூத்திரத்தில், காணுகின்ற கண்ணுக்கு உயிர் உடனின்று காட்டித் தானும் காணுமாறுபோல, உயிர்க்கு இறைவன் உடனின்று காட்டியும் கண்டும் உதவுவன் என்று மெய்கண்ட தேவ நாயனார் அருளியதனை எத்துணை முறை பாடஞ் சொல்லியிருப்போம்! காட்டும் உதவி, காணும் உதவி என்று இருவகை உதவியையும் விரலை மடக்கி எண்ணிக் கூறுவோம். அன்று அச்சிறுகை எம் மணிக்கட்டைப் பற்றியபோதுதான், காட்டுவார் ஒருவர் உடனிருத்தல் என்பது எத்தன்மைத்தென்று தெரிந்தது. யாம் நோக்கியதனால் அகல் தெரிந்திலது. உடனின்றார் ஒருவர் காட்டத் தெரிந்தது.

பின்னர்க் கண்ணுக்குச் சிகிச்சை நடந்தது. கலங்கிய வில்லையை நீக்கி வேறு வில்லை வைத்தனர். ஒரு நாழிகைப் பொழுதும் ஆகவில்லை. ஆகம வழிநின்ற ஆசிரியர்கள் மலநீக்கத்திற்கு எடுத்துக்காட்டும் உவமை இதுவேயன்றோ! மலம் திரவியம், குணமன்று. ஆதலின் அறிந்த மாத்திரத்தில் அது நீங்காது. கண்ணிற் படலம் இருக்கின்றதென்று நோயாளன் நன்கறிவான். அறிதலால் அஃது உரிந்து விழுவதில்லை. மருத்துவன் செய்யும் செயலால் நீங்கும். அதுபோல மலம் பரிபாகமுற்ற காலத்து, இறைவன் ஆசிரியனை இடமாகக்கொண்டு செய்யும் தீக்கையாகிய செயலால் நீங்கும் என்பர். திராடகம் கண்ணோயைப் போக்கும் என்று யோகநூல் கூறுகின்றது. நாற்பதாண்டு இடையறாது செய்த எமக்குப் படலம் வரவே வந்தது. நூலைப் பழித்தோமல்லோம், கண்ணீரால் தூசு போகும், படலம் போகாது என்பதே எம் துணிபு. வடலூரில் 1872ஆம் ஆண்டு எழுந்த சத்திய ஞான சபையிலும், நிறம் வேறுபட்ட திரைகள் ஏழும் விலகியபின்னரே சோதி காட்டப்பெறுகின்றது. திரையின் புறத்து நின்று எத்துணைக் கூர்ந்து நோக்கினும் நோக்குவார் பார்வையால் திரை கிழியாது.

கார்த்திகைத் திருநாளின் புராணமும் பிறிதொன்று சொல்லவில்லை. அடிமுடி அறியலாகாத அழற்பிழம்பாய் இறைவன் நின்றபோது, மாலும் அயனும் செய்தது யாது? தம் ஆற்றலால் அத்தழலைக் கண்டு முடிக்கலாம் என்று ஒருவர் நிலத்தை அகழ்ந்தனர், ஒருவர் வானிற் பறந்தனர். சுடர்நோக்கினார் என்று சொல்லத்தக்கார் அவரினும் பெரியார் யாவர்? எதிரே நின்ற சுடர் சிவபெருமானே, நோக்கினாரும் தேவர் தலைவர், முயற்சிக்கும் குறைவில்லை. ஆயினும் பசுஞானத்தால் தேடினமையின் காணாராயினர். ஊனக்கண்ணாகிய பாசஞானத்திற்கும் பசுஞானத்திற்கும் எட்டாத பதியைப் பதிஞானத்தாலேயே நாடுக என ஒன்பதாஞ் சூத்திரம் வரையறுத்ததும், நாடும் நெறியாகத் திருவைந்தெழுத்தை விதித்ததும் இதுபற்றியே. திருவண்ணாமலையில் 2,668 அடி உயர்ந்த மலையின் உச்சியில் கொப்பரையில் தீபம் எழும்போது, கீழே நிற்கும் பல்லாயிரவரைப் பார்த்திருக்கின்றீர்களே! இமையாது நோக்கித் தம் மனத்தை ஒருக்குவார் அவருள் எவருமிலர். கைகள் குவிகின்றன, கண்ணீர் வழிகின்றது, வாய் அரோகரா என்கின்றது. யோக நூல் வருந்தி விழித்து வருவிக்கச் சொன்ன கண்ணீர் அங்கே வாராமலே வருகின்றது.

இனி, விளக்கினால் உயர்ந்தவர் நம் சமயத்தில் எத்தன்மையர் என்பதைச் சேக்கிழார் பெருமானிடம் கேட்போம். திருவாரூர் அரநெறியில் விளக்கேற்ற நெய்வேண்டிச் சென்ற நமிநந்தியடிகள், கையில் கனலுடையார்க்கு விளக்கு எதற்கு, நீரை முகந்து எரிக்க என்று இகழப்பெற்று, இறைவன் ஆணைவழி நீராலே விளக்கெரித்தார். திருவொற்றியூரில் கலியநாயனார், செல்வம் தேய்ந்தபின் கூலிக்குச் செக்காட்டி விளக்கெரித்து, அதற்கும் இடமில்லாதபோது தம் கழுத்தை அரிந்து குருதியை எண்ணெயாக வார்க்கத் துணிந்தார். கணம்புல்லர் புல் அரிந்து விற்று நெய் கொண்டார். புல் விலைபோகாதபோது புல்லையே எரித்தார். அதுவும் போதாதபோது தம் தலைமயிரை எரித்தார். இவர்களுள் ஒருவரேனும் விளக்கை நோக்கியிருந்து பேறுபெற்றதாகப் புராணம் பேசவில்லை. திருமறைக்காட்டில் திரியைத் தூண்டிய எலிக்கு, தான் செய்வது இன்னதென்ற அறிவும் இல்லை. அதற்கும் மறுபிறப்பில் மாவலியாதல் வாய்த்தது. திருவிளக்கிடுதலைச் சித்தியார் சரியையில் எண்ணுகின்றது. சரியை கீழ்ப்படி, யோகம் மேற்படி என்று விரலால் எண்ணக் கற்ற இளைஞர், படியை எண்ணுமளவிற்கு ஏறுவதில்லை என்பது எம் நெடுநாள் மனக்குறை.

ஆசிரியர் ஏவிய ஒரு மண்டலத்தைப் பற்றி ஒன்று சொல்லாது விட்டோம். அச்சிறு கோயிலில் விளக்குகள் பதினொன்று. கசண்டெண்ணெயை வடித்தல், கரி சுரண்டல், பழந்துணியைக் கிழித்துத் திரி முறுக்கல், வௌவால் சிறகடித்து அணைத்தவற்றை மீண்டும் ஏற்றல் ஆகிய இவையே எம் பணி. கையில் சிக்குநாற்றம் போகாது. கருவறைத் தூண்டாவிளக்கின்முன் நின்று பலநாள் கண்டதொன்று: அங்கே வருவாருள் விளக்கை நோக்குவார் ஒருவருமில்லை. விளக்கினால் நோக்குவாரே எல்லாரும். விளக்கு எரிகின்றதென்பதே அவர்க்கு நினைவில்லை. அணைந்தபோதுதான், 'விளக்கு எங்கே?' என்று கேட்பார்கள். அப்போது அதனை ஒரு பொருளாகக் கருதிற்றிலேம்.

இவை யாவும் மனத்திற் கிடக்க, அவ்விளைஞர்க்குக் கூறிய விடை இது. பயிற்சியை விட வேண்டுவதில்லை. சிதறிய மனத்தைக் கூட்டுதற்குச் சிறிது பொழுது சுடரை நோக்குக. ஆனால் அதனைத் தனியே ஏற்றி எதிரே வைத்தல் வேண்டா. சிவபெருமான் திருவுருவத்தின் முன்னே, சற்றுப் பக்கத்தில், சுடரின் ஒளி திருமுகத்திற் படுமாறு வைக்க. மெழுகுவத்தியால் குற்றமில்லை, எனினும் நெய்யோ எண்ணெயோ கைப்பட வார்த்து, திரியும் கைப்பட முறுக்கி ஏற்றுதல் நன்று. மனம் கூடியபின் கண்ணைச் சுடரினின்றும் எடுத்து, சுடர் காட்டுவதன்மேல் வைக்க. திருவைந்தெழுத்தை எண்ணுக. கண்மூடியபின் உள்ளே என்ன நிறம் தோன்றினும் அதனைக் கேளாதே, பிறர்க்குச் சொல்லாதே.

'அப்படிச் செய்தால் முன்போல அமைதி வராதே, ஐயா?' என்றார்.

'வராது போகலாம்' என்றோம். அவர் முகம் சிறிது வாடிற்று. எமக்கும் அவ்வாறே நேர்ந்தது என்று சொல்லினோம். சிகிச்சைக்குப் பின் முதன்முதல் விளக்கேற்றிய மாலையில், அடியில் நீலமும் நுனியில் பொன்னுமாய், ஒரே சுடராய், இருபது வயதிலும் யாம் காணாத தெளிவோடு அது நின்றது. பழைய இடத்தில் பழையபடி அமர்ந்து அதனையே நோக்கியிருக்க எழுந்த ஆசையை அடக்குதல் எளிதாயிருக்கவில்லை. இன்றும் எளிதன்று.

பத்து நாள் கழித்து அவ்விளைஞர் பாடத்திற்கு வந்தார். சுவடியைப் பிரியாமலே, 'ஐயா, விளக்கைப் பக்கத்தில் மாற்றி வைத்தேன். மனம் முன்போல் நிற்கவில்லை. ஆனால் சுவாமி படத்தின்மேல் எவ்வளவு தூசி படிந்திருக்கிறதென்று இத்தனை நாளாக எனக்குத் தெரியாமற் போயிற்று. இன்று காலை எடுத்துத் துடைத்தேன்' என்றார்.

நல்லதென்று கூறிப் பாடத்தைத் தொடங்கினோம்.

திருச்சிற்றம்பலம்.